ஆறு சாண் கட்டிலும் அஞ்சடி மயிலும்

பாஸ், ஒரு சின்ன கேள்வி. எட்டிப் பார்க்காம, கைய வெச்சு அளக்காம டக்குனு பதில் சொல்லணும். நீங்க தினமும் படுத்துப் புரளுற கட்டிலோட தலைமாட்டுப் பலகை எவ்வளவு உயரம்?

தெரியலையா? ஃபீல் பண்ணாதீங்க. மூணாவது வருஷம் சிவில் படிக்கிற எனக்கே போன செமஸ்டர் லீவு வரைக்கும் தெரியாது. இத்தனைக்கும் 'பில்டிங் டிராயிங்' பேப்பர்ல எண்பத்தி நாலு மார்க் வாங்கினவன் நான். (மீதி பதினாறு எங்கே போச்சுன்னு அப்பா கேட்டது தனிக்கதை.)

ஹாஸ்டல்வாசிகளுக்கு இந்த மேட்டரே வேற. நம்ம இரும்புக் கட்டில்ல தலைமாட்டுப் பலகைன்னு ஒண்ணு கிடையாது. ரெண்டு பைப்பு, நடுவுல மூணு கம்பி. அவ்ளோதான். அதுல துண்டு காயும், பக்கெட் தொங்கும், செல்போன் சார்ஜர் ஒயர் கொடி மாதிரி படரும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி அதுல சாய்ஞ்சு படிச்சா, காலையில முதுகுல மூணு கோடு விழுந்திருக்கும். அணில் பிள்ளைன்னு நினைச்சுக்கிட்டு எக்ஸாம் ஹாலுக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பைப்புல ஒரு தலையணை கூட ஒழுங்கா நிக்காது. நடுராத்திரியில கம்பி வழியா நழுவி, அந்தப் பக்கம் படுத்திருக்கிற மாப்ள மூஞ்சியில போய் விழும். அவனும் அது தன்னோட தலையணைதான்னு நினைச்சுக் கட்டிப் பிடிச்சுத் தூங்குவான்.

இதெல்லாம் காமெடி. வயசு இருபதுல முதுகு எதுல வேணா சாயும். இனி சொல்லப் போறது அறுபத்தோரு வயசு முதுகைப் பத்தி.

எங்க ஊர் அம்பாசமுத்திரம். அப்பா முப்பது வருஷமா சைக்கிள் கடை வெச்சிருந்தவர். எங்க வீட்டுல கட்டிலே கிடையாது. பக்கத்துலயே பத்தமடை. கோரைப்பாய்க்கு ஊரே பேர் போனது. கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை பேரையே பாயில நெய்து தருவாங்க. அந்த ஊருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டுக் கட்டில் வாங்குறது, தாமிரபரணிக் கரையில உக்காந்து தண்ணிப் பாக்கெட் வாங்குற மாதிரின்னு அப்பா சொல்லுவார். தாத்தா பாயில படுத்தார், அப்பா பாயில படுத்தார், நானும் பாயிலதான் வளர்ந்தேன்.

போன நவம்பர் மாசம் அப்பாவுக்கு நெஞ்சுல கோளாறு. ஆஸ்பத்திரியில பதினோரு நாள். அட்டாக் இல்ல. இதயத்துக்கு ரத்தத்தைத் தள்ளுற சக்தி குறைஞ்சு போச்சுன்னாங்க. டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரம்மா என்னைத் தனியா கூப்பிட்டாங்க. மாத்திரை அட்டவணை, உப்பைக் குறைக்கணும், தண்ணி அளவாக் குடிக்கணும்னு வரிசையா சொல்லிட்டுக் கடைசியா ஒண்ணு சொன்னாங்க.

"அப்பாவைத் தட்டையாப் படுக்க விடாதீங்க. தலையும் முதுகும் நல்லா உயரமா இருக்கணும். தரையில படுக்கவே கூடாது."

ஏன்னு கேட்டேன். இதயம் பலவீனமா இருக்கிறவங்களுக்குப் பகல்ல நீர் காலுக்கு இறங்கி நிக்குமாம். ராத்திரி தட்டையாப் படுத்ததும் அது ரத்தத்தோட கலந்து மேலே திரும்பும். அவ்வளவையும் தள்ளி விட இதயத்துக்குத் தெம்பு இருக்காது. நுரையீரல்ல தேங்கும். மூச்சு முட்டும். சாய்ஞ்சு உக்காந்த மாதிரி படுத்தா அந்தப் பாரம் குறையும். "எத்தனை தலையணை வெச்சாத் தூக்கம் வருதுன்னு நாங்க ஏன் கேக்குறோம்னு இப்பப் புரியுதா?"ன்னாங்க. எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. ஏன்னா ஆறு மாசமாவே அப்பா ரெண்டு தலையணை கேட்டுக்கிட்டு இருந்தார். 'வயசாயிட்டா சொகுசு கேக்குதுபா'ன்னு நான்தான் போன்ல கிண்டல் பண்ணினேன்.

சரி, கட்டில் வேணும். பெரியம்மா வீட்டு மச்சுல ஒரு பழைய கட்டில் கிடந்தது. நாலு காலு, நாலு சட்டம், மேலே பலகை. தலைமாடும் இல்ல, கால்மாடும் இல்ல. பெஞ்சு மாதிரி மொட்டையா இருக்கும். "எடுத்துட்டுப் போங்கடா"ன்னு பெரியம்மா குடுத்துட்டாங்க. தலைமாட்டுக்கு மட்டும் ஒரு பலகை வேணும். அம்மா சீட்டுக் கட்டி எடுத்த பணத்துல ஏழாயிரம் ரூபாய எண்ணி என் கையில குடுத்தாங்க.

"நீதான இஞ்சினீரு? அளவு பாத்து வாங்கிட்டு வா."

மக்களே, அந்த இஞ்சினீர் எதை வெச்சு அளந்தான் தெரியுமா? கையை வெச்சு! டேப்பு கடையில இருக்கு, கடை பூட்டிக் கிடக்கு, சாவி எங்கேன்னு தெரியல. 'ஒரு சாண்னா ஒன்பது அங்குலம்'னு எங்கயோ படிச்சது ஞாபகம் இருந்தது. கட்டில் அகலம் ஆறு சாண் வந்தது. ஆறொன்பது அம்பத்தி நாலு. நாலரை அடி. சூப்பர்!

என் சாண் எட்டு அங்குலம்தான்கிறது பின்னாடி தெரிஞ்சது. கட்டில் அகலம் நாற்பத்தெட்டு அங்குலம். சரியா நாலு அடி.

திருநெல்வேலியில ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடை. உள்ளே நுழைஞ்சதும் ஏசி, மெலிசா ஒரு பாட்டு, கழுத்துல டை கட்டின ஒரு அண்ணன். "ஹெட் போர்டு மட்டுமா சார்? உங்க லக், ஒண்ணு ஆஃபர்ல இருக்கு"ன்னு கூட்டிட்டுப் போனார். சும்மா சொல்லக் கூடாது, செமையா இருந்தது. தேக்கு நிறம், நடுவுல தோகை விரிச்ச மயில், ரெண்டு பக்கமும் தூண் மாதிரி வேலைப்பாடு. அகலம் அஞ்சடி, உயரம் நாலரை அடி. நாலரை அடி கட்டிலுக்கு அஞ்சடிப் பலகை, கொஞ்சம் பெருசா இருந்தா கெத்துதானேன்னு நினைச்சேன். உயரத்தைப் பத்தி எதுவுமே நினைக்கல. ஆறாயிரத்து ஐந்நூறு. குட்டி யானை வாடகை தனி. 'விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டாது'ன்னு பில்லுல பொடி எழுத்துல இருந்ததையும் படிக்கல. மயிலையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

வீட்டுக்கு வந்து இறக்கினோம். தெருவே வேடிக்கை பார்த்தது. "சைக்கிள் கடைக்காரர் வீட்டுல ஏதும் விசேஷமா?"ன்னு ஒரு ஆச்சி கேட்டே கேட்டுட்டாங்க.

இப்ப எங்க ரூமைக் கொஞ்சம் மனசுல கொண்டு வாங்க. கிழக்குச் சுவர்ல வாசல். மேற்குச் சுவரை ஒட்டி பீரோ. வடக்குச் சுவர் காலியா கிடக்கு. ஆனா வடக்க தலை வைக்கக் கூடாதுன்னு அம்மா ஒத்தக் கால்ல நின்னாங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்த மனுஷனை வடக்க தலை வெச்சுப் படுக்க வைக்கிறதான்னு கண்ணு கலங்கிட்டாங்க. அதுல நம்பிக்கை இருக்கோ இல்லையோ, அந்த நேரத்துல எந்தப் பிள்ளையும் வாதாட மாட்டான். மிச்சம் இருந்தது தெற்குச் சுவர். அதுலதான் ஜன்னல். தென்றல் வர்ற ஒரே வழி.

பலகையைக் கொண்டு போய்க் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல நிறுத்தினோம். ரெண்டு பக்கமும் ஆறாறு அங்குலம் றெக்கை மாதிரி நீட்டிக்கிட்டு நின்னுச்சு. ஒரு பக்கத்து றெக்கை இடிச்சு பீரோக் கதவு பாதிக்கு மேலே திறக்கல. கட்டில்ல இருக்கிற துளை ஒரு இடம், பலகையில இருக்கிற துளை ஒரு இடம். சரி, கயிறு போட்டுக் கட்டுவோம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு அப்பாவை உக்கார வெச்சோம். சாய்ஞ்ச உடனே "ஏலே, என்னமோ குத்துது"ன்னார். மயிலோட நெஞ்சு! உருண்டையா முன்னாடி துருத்திக்கிட்டு இருக்கும்ல, அது சரியா அவரோட ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல. மூணு தலையணையை அடுக்கி மயிலை மூடினோம்.

அன்னிக்கு ராத்திரி ஒன்றரை மணிக்குக் கரண்ட் போச்சு.

நான் கீழே பாயில படுத்திருந்தேன். அப்பா மூச்சு விடுற சத்தம் கேட்டு முழிச்சேன். மூச்சை உறிஞ்சி உறிஞ்சி இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். சட்டை நனைஞ்சிருந்தது. இருட்டுல என் கையைத் தேடிப் பிடிச்சார்.

"ஏலே... அந்த ஜன்னலத் தெறயேன்."

"தெறந்துதான்ப்பா இருக்கு."

சொன்ன அந்த நிமிஷம்தான் எனக்கு உறைச்சது. ஜன்னல் திறந்துதான் இருக்கு. அதுக்கு முன்னாடி நாலரை அடி உயரத்துக்கு ஒரு மயிலை நிறுத்தி வெச்சிருக்கேன்.

நானும் அம்மாவும் சேர்ந்து கயித்தை அவுத்து அந்தப் பலகையைத் தரதரன்னு இழுத்து முற்றத்துல போட்டோம். சத்தத்துல பக்கத்து வீட்டு லைட்... ச்சே, கரண்ட்தான் இல்லையே... டார்ச் லைட் எரிஞ்சது. அப்புறம் அப்பாவுக்குப் பின்னாடி சுவர்ல முட்டுக் குடுத்துத் தலையணை வெச்சோம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல சந்து இருந்ததால ஒவ்வொண்ணா வழுக்கிக் கீழே விழுந்துச்சு. கடைசியில நானே கட்டில்ல ஏறி, சுவர்ல சாய்ஞ்சு உக்காந்து, அவரை என் நெஞ்சுல சாய்ச்சுக்கிட்டேன். அம்மா பனையோலை விசிறியால வீசிக்கிட்டே இருந்தாங்க. முரசுக் கட்டில்ல தூங்கின மோசிகீரனாருக்குச் சேர மன்னன் விசிறி விட்ட கதை தமிழ் புக்குல படிச்சிருப்பீங்களே, அது அப்ப ஞாபகம் வந்தது. அந்தப் புலவர் குடுத்து வெச்சவர். நல்லாத் தூங்கினாராம். எங்க அப்பா தூங்கல. விடியிற வரைக்கும் நாங்க மூணு பேருமே தூங்கல.

காலையில மூச்சு சீரானதும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். உடனே கூட்டிட்டு வரச் சொல்லிப் பாத்து, ஒரு மாத்திரையைக் கூட்டினாங்க. 'ராத்திரி எதுல சாய்ஞ்சிருந்தார்?'னு கேட்டாங்க. மயில் கதையை அவங்ககிட்ட நான் சொல்லல.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆசாரி தாத்தாவைக் கூட்டிட்டு வந்தாங்க. எழுபது வயசுக்கு மேல இருக்கும். எங்க வீட்டுக் கதவு நிலை எல்லாம் அவர் கை வேலை. முற்றத்துல கிடந்த மயிலைச் சுத்திச் சுத்தி வந்தார்.

"என்னலே பேராண்டி, கலியாண மேடைல மாப்ள பொண்ணுக்குப் பின்னால வைக்கிறதைத் தூக்கிட்டு வந்திருக்க?"

"வெட்டிச் சின்னதாக்க முடியாதா தாத்தா?"

ஓரத்துல நகத்தால சுரண்டினார். உள்ளே மரமே இல்ல. மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை. மேலே தேக்கு நிறத்துல ஒரு தோல். "இத அறுத்தா ஓரம் உதிரும். உதிர்ந்த எடத்துல திருகாணி புடிக்காது. சாய்ஞ்ச மனுசன் பொறத்தால விழுந்தா ஆரு பதில் சொல்லுதது?"ன்னார். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்! அம்மா என்னைத் திட்டல. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் அவர் அளந்தார் பாருங்க, அதை நான் எந்த லேப்லயும் பார்த்ததில்ல. டேப்பை எடுக்கவே இல்ல. முதல்ல "மெத்தையப் போடு"ன்னார். கட்டிலைத்தானே அளக்கணும், மெத்தை எதுக்குன்னு கேட்டேன். "ஒங்கப்பன் மெத்தைக்கு மேலதான உக்காருவான்? அடியிலயா உக்காருவான்?" நாலு அங்குல தேங்காய் நார் மெத்தையைப் போட்டோம். அப்பாவைக் கட்டில் விளிம்புல உக்காரச் சொல்லிக் காலைப் பார்த்தார். பாதம் ரெண்டும் தரையில முழுசாப் படிஞ்சது. "கட்டில் ஒசரம் சரி. எந்திரிக்கும்போது தடுமாற மாட்டான்." அடுத்து நடுக்கட்டிலுக்கு நகர்ந்து காலை நீட்டிக்கச் சொன்னார். ஒரு மொட்டைப் பலகையை என் கையில குடுத்து அப்பா முதுகுக்குப் பின்னாடி பிடிக்கச் சொன்னார்.

"சைக்கிள் கடைக்காரரே, சாயும். இன்னும் சாயும். எங்க மூச்சு லேசா வருதோ அங்க நில்லும்."

அப்பா சாய்ஞ்சார். பலகையோட மேல்பக்கம் கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி போச்சு. ஒரு இடத்துல கண்ணை மூடி "ம்"னார். தாத்தா காதுல இருந்த பென்சிலை எடுத்து, தோள்பட்டை முடியிற இடத்துல ஒரு கோடு, அதுக்கு ரெண்டு விரல் மேலே இன்னொரு கோடு. அதுக்கப்புறம்தான் டேப்பு.

தரையில இருந்து மெத்தை மேல்மட்டம் 18 அங்குலம். மெத்தையில இருந்து அந்த ரெண்டாவது கோடு 24 அங்குலம். ஆக மொத்தம் 42. அப்பா சாய்ஞ்ச கோணத்துல பலகையோட உச்சி 4 அங்குலம் பின்னாடி போயிருந்தது. கால்குலேட்டர்ல தட்டிப் பார்த்தேன். பத்து டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி. மீதிச் சாய்வைத் தலையணை பாத்துக்கும். அந்தத் தலையணை நழுவாம பிடிச்சு நிறுத்துறதுதான் பலகையோட முக்கியமான வேலைன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது.

இங்கதான் சிக்கல். ஜன்னலோட அடிவிளிம்பு தரையில இருந்து 36 அங்குலம். மூணு அடி. அடப்பாவி! 'சில் லெவல் 0.9 மீட்டர், லின்டல் லெவல் 2.1 மீட்டர்'னு ஒவ்வொரு ஷீட்லயும் நானே கைப்பட எழுதியிருக்கேனே! நான் வாங்கின மயில் 54 அங்குலம். நாலடி ஜன்னல்ல ஒன்றரை அடியை அது முழுங்கியிருக்கு. அதுவும் எந்த ஒன்றரை அடி? சாய்ஞ்சு உக்காந்திருக்கிற மனுஷனோட தலை வர்ற அதே ஒன்றரை அடி.

இப்பவும் 42 வெச்சா ஆறு அங்குலம் மறைக்கும். 36 ஆக்கினா முதுகுக்குப் பத்தாது, தலையணை மேல் வழியா விழும். நான் யோசிக்க ஆரம்பிச்சேன். கட்டில் காலை அறுத்துட்டா? அப்பாவுக்கு எழுந்திருக்கக் கஷ்டம். சுவரை மாத்தினா? அம்மா இருக்காங்க, வடக்கு இருக்கு. தாத்தா வெத்தலையை மென்னுக்கிட்டே என்னைப் பாத்தார்.

"மூணு அடி வரைக்கும் பலக. அதுக்கு மேல ஆறு அங்குலம் அழி. காத்துக்கு வழி விட்டாப் போதும்லே."

பழைய வீட்டு வாசல்ல கம்பி அழி பார்த்திருப்பீங்களே, அதே மாதிரி. கீழே முழுப்பலகை, மேலே சின்னச் சின்னக் குச்சிச் சட்டங்கள் இடைவெளி விட்டு, உச்சியில ஒரு கைப்பிடிச் சட்டம், உருட்டி இழைச்சது. அவ்ளோதான் டிசைன். மயில் கிடையாது.

மாட்டுத் தொழுவத்துல ஆச்சி காலத்து வேப்ப மரக் கதவு ஒண்ணு சாத்தி வெச்சிருந்தது. அதைத்தான் எடுத்தார். வேம்புல பூச்சி சுலபத்துல ஏறாது. மூணு நாள் வேலை. கூலி ஆயிரத்து இருநூறு. இழைக்கும்போது வந்த கசப்பு வாசனை வீடு முழுக்க இருந்தது. அப்பா திண்ணையில நாற்காலி போட்டு மூணு நாளும் பக்கத்துலயே இருந்தார். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுக்கப்புறம் அவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசினது அப்பதான். பலகையைக் கட்டில் காலோட சேர்க்க தாத்தா திருகாணியை எடுத்ததும், "வேண்டாம் அண்ணாச்சி, சாயச் சாய லூஸாயிரும். போல்ட் போடுவோம்"னார். என்னைக் கடைக்கு அனுப்பி (சாவி அவர் சட்டைப் பையிலதான் இருந்திருக்கு!) மூணாவது தட்டுல இருக்கிற டப்பாவை எடுத்து வரச் சொன்னார். நாலு போல்ட், நாலு நட்டு, நாலு ஸ்பிரிங் வாஷர். முப்பது வருஷமா ஊர்ல எத்தனையோ சக்கரத்தைக் கழலாம முடுக்கின கை அது. ஸ்பேனரை அவரே பிடிச்சார். ரெண்டு சுத்துல மூச்சு வாங்குச்சு. மிச்சத்தை நான் முடுக்கினேன். "இன்னும் கால் சுத்து"ன்னார். முடுக்கினேன். "போதும்."

அவர் வேலை பாத்துக்கிட்டு இருந்த நேரத்துல நான் தலைமாட்டுப் பலகையைப் பத்திக் கொஞ்சம் தேடிப் படிச்சேன். ஒரு ஆச்சரியம் சொல்லட்டுமா? பழைய எகிப்துக் கட்டில்கள்ல பலகை இருக்கும், ஆனா தலைமாட்டுல இல்ல, கால்மாட்டுல! தலைக்குத் தனியா பிறை மாதிரி வளைஞ்ச ஒரு முட்டு வெச்சுப்பாங்க. 1922-ல கண்டுபிடிச்ச துட்டன்காமன் கல்லறையில அந்த மாதிரிக் கட்டில்கள் இருந்தது. இதை அப்பாகிட்ட சொன்னேன். "ராசாவுக்கு மூச்சு முட்டல போல"ன்னார்.

நீங்களும் நாளைக்கு ஒரு நாள் கட்டில் வாங்குவீங்க. அக்கா கல்யாணச் சீராவோ, வேலை கிடைச்சு எடுக்கிற முதல் வாடகை வீட்டுக்கோ. கடையில சிங்கிள்னா பொதுவா மூணடி அகலம், டபுள்னா நாலடி, குயின்னா அஞ்சடி, கிங்னா ஆறடின்னு சொல்லுவாங்க. பலகையோட அகலம் கட்டில் அகலத்துக்குச் சமமா இருந்தாப் போதும். பக்கத்துக்கு ஒரு அங்குலம், ரெண்டு அங்குலம் கூட இருந்தா அழகு, அதுக்கு மேல போனா முட்டியில இடிக்கும், பீரோ திறக்காது. அகலத்துல தப்பு பண்ணினா உடனே கண்ணுக்குத் தெரிஞ்சிடும். உயரத்துல பண்ற தப்புதான் ராத்திரி ஒன்றரை மணிக்குத் தெரியும். கடையில உயரம் சொல்றப்ப தரையில இருந்து சொல்றாங்களா, மெத்தையில இருந்து சொல்றாங்களான்னு கேளுங்க. மூணடிப் பலகைன்னு சந்தோஷமா வாங்கிட்டு வந்து, பதினாலு அங்குலக் கட்டில் மேல பத்து அங்குல ஸ்பிரிங் மெத்தையைப் போட்டீங்கன்னா, வெளியில தெரியப் போறது ஒரு அடிதான். இடுப்புக்கு முட்டுக் குடுக்கும். முதுகு அந்தரத்துல நிக்கும். பலகையோட அடிப்பக்கம் மெத்தைக்குக் கீழே வரைக்கும் இறங்கியிருக்கணும், இல்லேன்னா அந்தச் சந்துல தலையணையும் செல்போனும் காணாமப் போகும். படுக்கையில சாய்ஞ்சு படிக்கிற ஆளா, படுத்ததும் குறட்டை விடுற ஆளா? ரெண்டாவது ஜாதின்னா எந்த உயரமும் ஓகே, மயிலே வாங்கிக்கலாம். ஜன்னலை மட்டும் பாத்துக்குங்க. சுவிட்ச் போர்டையும். கூச்சப்படாம கடையிலயே ஷூவைக் கழட்டிட்டு ஏறி உக்காந்து சாய்ஞ்சு பாருங்க. யாருக்கு வாங்குறீங்களோ அவங்களைக் கூட்டிட்டுப் போங்க. நான் அப்பாவை விட்டுட்டு அப்பாவுக்குப் பலகை வாங்கப் போனவன்.

வேப்பம்பலகை மாட்டின முதல் ராத்திரி. நான் முழிச்சுக்கிட்டேதான் படுத்திருந்தேன். காத்து அழி வழியா வந்து அப்பா தலைமுடியை லேசா ஆட்டிக்கிட்டு இருந்தது. எப்ப தூங்கினேன்னு தெரியல. நாலரை மணிக்கு அம்மா கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாங்க. அப்பா மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடா. சத்தமே இல்லாம தூங்குதாக. அதான் பயந்துட்டேன்."

இப்ப ஆறு மாசம் ஆச்சு. அந்த உச்சிச் சட்டத்துல அப்பா தலை வைக்கிற இடம் மட்டும் எண்ணெய் பட்டுக் கறுத்துப் போச்சு. துண்டு போடுங்கன்னு அம்மா தினம் ஒரு சண்டை. மயில் கோழிக்கூட்டுக்கு மறைப்பாப் போய், ஜூன் மாசச் சாரல்ல நனைஞ்சு, வயிறு ஊதி, தோகை உரிஞ்சு கிடக்கு. கோழிகளுக்கு அதைப் பத்தி ஒரு கம்ப்ளைண்ட்டும் இல்ல.

போன வாரம் லீவுக்குப் போயிருந்தப்ப, மேலத்தெரு மாமா ஒருத்தர் வந்திருந்தார். அவர் மகளுக்குக் கல்யாணம். கட்டில் சீருக்கு எந்தக் கடை நல்லாருக்கும்னு கேக்க வந்திருக்கார். அப்பா பதில் சொல்லல. கட்டில்ல இருந்து மெதுவா இறங்கி, நாற்காலியில உக்காந்து, என்கிட்ட டேப்பைக் கேட்டார். மாமாகிட்ட சொன்னார்:

"மொதல்ல மருமகப்பிள்ளை எம்புட்டு ஒசரம், பிள்ளை எம்புட்டு ஒசரம்னு சொல்லுங்க மச்சான். அப்புறம் அந்த ரூம்ல ஜன்னல் எங்க இருக்கு?"